சோழவரத்து ஓடுதளமும் சுருண்ட குழாயும்



போன முறை கோர்வை நெசவைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, ஒரகடம் பக்கம் கார் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கும் பழைய மாணவர் ஒருவர் எழுதியிருந்தார்: "டீச்சர், தறியைப் பத்தி எழுதினீங்க. எங்க லைனைப் பத்தியும் எழுதுங்க. இன்ஜின் மேல ஒரு கறுப்பு நைலான் பாகம் மாட்டறோம். காத்து உள்ள போற குழாய். நேரா விட்டா ஒரு சாண் போதும். அதை ஏன் நத்தை மாதிரி சுருட்டி வெச்சிருக்காங்க? கேட்டா 'டிசைன் அப்படி'ன்னு சொல்றாங்க."

'டிசைன் அப்படி' என்பது பதில் ஆகாது. எட்டாம் வகுப்புப் பிள்ளை கேட்டால் நான் அப்படிச் சொல்லித் தப்பித்திருக்க முடியாது. அதனால் கொஞ்சம் படித்தேன். மெக்கானிக்கல் படிக்கும் என் அக்கா பேரனையும் நாலு நாள் தொல்லை செய்தேன். தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். நீளமான பதிவுதான், ஞாயிற்றுக்கிழமை படியுங்கள். இந்தக் கதையில் பாதி நம்ம ஊருக்குப் பக்கத்திலேயே நடந்தது என்பதால் விட மனம் வரவில்லை.

முதலில் இன்ஜின் எப்படி மூச்சு விடுகிறது என்று பார்ப்போம். நான்கு ஸ்ட்ரோக் என்றால் உறிஞ்சுதல், அமுக்குதல், வெடித்தல், வெளியேற்றுதல். பிஸ்டன் இறங்கும்போது வால்வு திறக்கும், காற்று உள்ளே வரும் என்று படித்திருப்பீர்கள். சரிதான். ஆனால் நிமிடத்துக்கு 6000 சுற்று ஓடும் இன்ஜினில் ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்கு. வால்வு திறந்திருப்பது அதிலும் முக்கால் பங்குக்குக் குறைவு. அந்த நேரத்துக்குள் குழாயில் சும்மா நிற்கிற காற்று கிளம்பி, ஓடி, சிலிண்டரை நிரப்ப வேண்டும். காற்றுக்கும் எடை உண்டு, லிட்டருக்கு 1.2 கிராம். கிளம்பு என்றால் சண்டித்தனம் செய்யும். கிளம்பிவிட்டால் நில் என்றாலும் நிற்காது. அதனால்தான் பிஸ்டன் அடியைத் தொட்டு மேலே திரும்பிய பிறகும் வால்வைச் சற்று நேரம் திறந்தே வைக்கிறார்கள். ஓடி வந்த வேகத்தில் இன்னும் கொஞ்சம் காற்று உள்ளே புகுந்துவிடும்.

இதைவிட சுவாரசியமானது அலை. பிஸ்டன் வேகமாக இறங்கும்போது குழாயின் வால்வு முனையில் அழுத்தம் சட்டென்று குறைகிறது. அந்தக் குறைவு ஓர் அலையாக, ஒலியின் வேகத்தில், குழாய் வழியே வெளிப்பக்கம் ஓடும். திறந்த முனைக்குப் போனதும் திரும்பும். திரும்பும்போது குணம் மாறிவிடும். போனது அழுத்தக் குறைவு, வருவது அழுத்தக் கூடுதல். அது வால்வுக்கு வந்து சேரும்போது வால்வு இன்னும் திறந்திருந்தால், வாசலில் நிற்கும் காற்றையும் உள்ளே தள்ளிவிடும். வால்வு மூடிய பிறகு வந்தால் கதவில் மோதித் திரும்ப வேண்டியதுதான்.

தறியில் உட்கார்ந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. மிதியை மிதித்ததும் பாவு இரண்டாகப் பிரியும். அந்த இடைவெளியில் நாடா போய்விட வேண்டும். பிந்தினால் இழையில் முட்டும். வால்வு திறப்பது பாவு பிரிவது மாதிரி, அலை நாடா மாதிரி.

அலையை நேரத்துக்கு வரவைக்க நம் கையில் இருப்பது ஒன்றுதான், குழாயின் நீளம். நீளமான குழாயில் அலை போய்வர நேரம் அதிகம், எனவே மெதுவாகச் சுற்றும் இன்ஜினுக்குப் பொருந்தும். குட்டைக் குழாய் வேகமாகச் சுற்றும்போது பொருந்தும். நாகஸ்வரத்தில் திமிரி குட்டை, சுருதி அதிகம்; பாரி நெட்டை, சுருதி குறைவு. கருடசேவைக்கு நிற்கிற நம்மூர்க்காரர் காதுக்கு இது தெரிந்த விஷயம். ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1863-இல் ஒலியைப் பற்றி ஒரு பெரிய நூல் வெளியிட்டார். வெவ்வேறு அளவுக் குடுவைகள் ஒவ்வொன்றும் தன் சுருதிக்கு மட்டுமே பதில் சொல்லும் என்பதை அவர் ஆராய்ந்தார். பென்ஸின் கார் வந்தது 1886-இல். ஆக, இன்ஜினுக்கு வேண்டிய அறிவு இன்ஜினுக்கு முன்பே பிறந்துவிட்டது. காலி பாட்டில் வாயில் ஊதி "பூம்" என்று சத்தம் வரவைத்து என்னிடம் திட்டு வாங்கியவர்கள் எல்லோரும் இதே சோதனையைத்தான் செய்தீர்கள்.

இப்போது ஒரு கணக்கு. 'எனக்குக் கணக்கு வராது டீச்சர்' என்று சொல்லிவிட்டு வெளியேறி, இப்போது ஒர்க்ஷாப் வைத்திருப்பவர்கள் இதைத் தாண்டிப் போகாதீர்கள். இதில் இருப்பது தொலைவு, வேகம், நேரம் மட்டும்.

பிஸ்டன் பாதி வழியில் இறங்கும்போதுதான் உறிஞ்சுதல் பலமாக இருக்கும். அலை திரும்பி வரவேண்டியது பிஸ்டன் அடியைத் தொடும் சமயத்தில். இடையில் இன்ஜின் கிட்டத்தட்ட கால் சுற்று சுற்றியிருக்கும். 6000 ஆர்பிஎம்மில் ஒரு சுற்று 10 மில்லிவிநாடி, கால் சுற்று 2.5 மில்லிவிநாடி. நம்மூர் வெயிலில் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 350 மீட்டர். 2.5 மில்லிவிநாடியில் அலை 87.5 சென்டிமீட்டர் ஓடும். போகவும் வரவும் சேர்த்து அவ்வளவு, ஆகவே குழாய் அதில் பாதி, ஏறத்தாழ 44 சென்டிமீட்டர். இது வால்விலிருந்து அளக்க வேண்டிய நீளம். 3000 ஆர்பிஎம் வேண்டுமென்றால் 88 சென்டிமீட்டர். 9000 என்றால் 29. இன்ஜினுக்கு இன்ஜின் சற்று மாறும், வால்வு மூடும் நேரத்தைப் பொறுத்தும் மாறும். ஆனால் தொடங்குவதற்கு இந்தக் கணக்கு போதும்.

மாணவருக்குப் பதில் இங்கேயே வந்துவிட்டது. தெருவில் ஓடும் கார் பெரும்பாலும் 2000, 3000 சுற்றில்தான் ஓடுகிறது. அதற்கு வேண்டிய குழாய் இரண்டு முழத்துக்குக் கிட்டத்தட்ட வரும். அவ்வளவு நீளத்தை பானட்டுக்கு அடியில் நேராக வைக்க இடமேது? சுருட்டித்தான் ஆக வேண்டும். இடம் போதாமல் சற்றுக் குறைத்தும் வைப்பார்கள்.

சுருட்டாமல் வைத்துக் காட்டிய கம்பெனியும் உண்டு. அமெரிக்காவின் கிரைஸ்லர் 1960-இல் '300 எஃப்' என்றொரு கார் விட்டது. எட்டு சிலிண்டர், வலது பக்கம் நான்கு, இடது பக்கம் நான்கு. வலது பக்கச் சிலிண்டர்களுக்கான கார்புரேட்டரை இடது ஓரத்திலும், இடது பக்கத்துக்கானதை வலது ஓரத்திலும் வைத்து, குழாய்களை இன்ஜினுக்கு மேலே குறுக்காக நீட்டினார்கள். பானட்டைத் திறந்தால் இரண்டு பக்கமும் கைகோத்து நிற்பது போல இருக்கும். ஒவ்வொரு குழாயும் 30 அங்குலம், அதாவது 76 சென்டிமீட்டர். அந்த இன்ஜினின் இழுவிசை உச்சத்துக்கு வந்தது 2800 ஆர்பிஎம்மில். சிலிண்டர் தலைக்குள் இருக்கும் வழியையும் குழாயோடு சேர்த்துக்கொண்டு நம் கணக்கைப் போட்டுப் பாருங்கள், பக்கத்தில் வந்துவிடும்.

அதன் மறுபாதிதான் எனக்கு மிகவும் பிடித்தது. பந்தயத்துக்கென்று அதே காரில் இன்னொரு வகை செய்தார்கள். வெளியே பார்த்தால் அதே குழாய். உள்ளே, பக்கத்துப் பக்கத்துக் குழாய்களுக்கு இடையே இருந்த சுவரைப் பாதி தூரத்துக்கு எடுத்துவிட்டார்கள். அலைக்குக் குழாய் 15 அங்குலத்திலேயே முடிந்துவிட்டது. திறன் 375 குதிரையிலிருந்து 400 ஆனது. ஆனால் இழுவிசை குறைந்தது, அதன் உச்சமும் 3600 ஆர்பிஎம்முக்கு நகர்ந்தது. மேலே கிடைத்ததைக் கீழே கொடுக்க வேண்டியிருந்தது. ஒரு நீளம் ஒரு வேகத்துக்குத்தான் உதவும். வேறொரு வேகத்தில் அதே அலை தப்பான நேரத்தில் வந்து காற்றைத் தடுக்கவும் செய்யும். இந்தக் குழாயின் வரலாறு முழுக்க இந்த ஒரு பேரத்தின் வரலாறுதான்.

(மெர்சிடிஸ் 1954-லேயே 300 எஸ்எல் காரில் நீண்ட குழாய்கள் வைத்தது. இன்ஜினையே ஒரு பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்த கார் அது. பந்தயக்காரர்களுக்கு இந்த விஷயம் அதற்கும் முன்பே தெரியும். யார் முதல் என்ற சண்டைக்குள் நான் போகவில்லை.)

இனி நம்ம பக்கத்துக் கதை.

இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத் தடம் வருவதற்கு முன்னால் சென்னைக்கு வடக்கே, செங்குன்றம் தாண்டி, சோழவரம்தான் எல்லாம். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம். 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பல ஆண்டுகள், 1980-களின் இறுதி வரை பந்தயம் நடத்தியது. உங்கள் அப்பாமார் சிலர் பஸ் மாறி மாறிப் போய்ப் பார்த்திருப்பார்கள். பெரிய இடத்துப் பிள்ளைகள் கொண்டுவந்த வெளிநாட்டுப் பந்தயக் கார்களும் ஓடின, ஃபியட்டும் ஹெரால்டும் அம்பாசடரும் ஓடின. ஹெரால்ட் நம் வண்டலூரில் செய்தது. பைக்கில் திருவொற்றியூர் புல்லட் ஒரு பக்கம், ஜாவா, எஸ்டி, ஆர்டி 350 மறுபக்கம். பின்னவை டூ ஸ்ட்ரோக். அவற்றில் அலை வித்தை நடப்பது முக்கியமாகப் புகைக்குழாயில். அது தனிக் கதை, இன்னொரு ஞாயிறு.

ஓடுதளம் என்றால் என்ன? நீண்ட நேர்க்கோடு. விமானம் திரும்பாது. அங்கே ஜெயிக்க வேண்டுமென்றால் உச்ச வேகம் வேண்டும், இன்ஜின் மேல் சுற்றில் மூச்சு விட வேண்டும், ஆகவே குழாய் குட்டையாக வேண்டும். வெளிநாட்டுப் பாகம் இறக்குமதி செய்வது சுலபமில்லாத காலம் அது. கையில் இருப்பதை அறுத்து, ராவி, பற்றவைத்து, ஓட்டிப் பார்த்து, மறுபடி அறுக்க வேண்டும். அறுத்த குழாயை மறுபடி நீட்டவும் முடியாது!

புல்லட்டைப் பற்றி ஒரு வார்த்தை. 1955 முதல் இங்கே தயாராகும் வண்டி. 350 சிசி, நீண்ட ஸ்ட்ரோக், மெதுவான சுற்று. மெதுவான சுற்று என்றால் நம் கணக்குப்படி அரை மீட்டருக்கு மேல் குழாய் வேண்டும். பைக்கில் அதற்கு இடமில்லை, கார்புரேட்டர் இன்ஜினை ஒட்டியே உட்கார்ந்திருக்கிறது. பிறகு எப்படி ஓடுகிறது? அலை ஒருமுறை போய்வந்ததோடு நிற்பதில்லை. குட்டைக் குழாயில் இங்குமங்கும் பலமுறை ஓடும். இரண்டாவது, மூன்றாவது வருகையைப் பிடித்துக்கொள்ளலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் அலை மெலிந்துகொண்டே வரும். கோயில் மண்டபத்தில் எதிரொலி தேய்வது மாதிரி.

1990-இல் பந்தயம் நம் பக்கம் வந்தது. இருங்காட்டுக்கோட்டை தடம் ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர். அப்போது அங்கே ஹூண்டாய் இல்லை. அது கார் செய்யத் தொடங்கியது 1998-இல். இந்தத் தடத்தில் வளைவுகள் உண்டு. வளைவு என்றால் வேகம் குறைத்து, திரும்பி, மறுபடி பாய வேண்டும். உச்ச வேகம் மட்டும் வைத்திருந்தால் போதாது, நடுச் சுற்றில் இழுவிசை வேண்டும். தடத்தின் வடிவம் மாறியதும் குழாயின் நீளமும் மாற வேண்டியதாயிற்று. சோழவரத்தில் ஜெயித்த குழாயை அப்படியே இங்கே கொண்டுவந்தால் வளைவிலிருந்து எழுந்திருக்கும்போது இன்ஜின் முக்கும்.

இந்தக் காலத்தில் மறக்கக் கூடாத பெயர் கோயம்புத்தூர் கரிவரதன். மில் குடும்பத்தில் பிறந்தவர், பந்தய ஓட்டுநர். வெளிநாட்டுக் கார் வாங்கக் காசில்லாத இளைஞர்களும் ஓட்ட வேண்டும் என்று, மாருதி 800-இன் 796 சிசி இன்ஜினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைக் கட்டினார். எல்லோருக்கும் ஒரே இன்ஜின். பணம் வைத்திருப்பவனுக்குக் கூடுதல் குதிரை கிடையாது. ஃபார்முலா மாருதி என்று பெயர். நரேன் கார்த்திகேயன் தன் முதல் பந்தயத்தை ஓட்டியது இந்த வகைக் காரில், நம் ஸ்ரீபெரும்புதூர்த் தடத்தில். 2005-இல் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். கரிவரதன் அதைப் பார்க்கவில்லை. 1995-இல் சிறு விமான விபத்தில் போய்விட்டார். செட்டிபாளையத்தில் 2003-இல் திறந்த தடத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

அந்தக் கரி தடத்தில்தான் இப்போது ஃபார்முலா பாரத் போட்டி நடக்கிறது. இன்ஜினியரிங் மாணவர்கள் தாங்களே கார் வடிவமைத்து, கட்டி, ஓட்ட வேண்டும். என் அக்கா பேரன் இதில்தான் இரவும் பகலும் கிடக்கிறான். இவர்களுக்கு ஒரு விதி: பெட்ரோல் கார் என்றால் இன்ஜினுக்குப் போகும் காற்று முழுவதும் 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரே ஒரு துளை வழியாகத்தான் போக வேண்டும். ஐந்து ரூபாய் நாணயத்தைவிடச் சிறிய துளை. அதில் காற்று ஒலியின் வேகத்தை எட்டிவிட்டால் அதற்கு மேல் எவ்வளவு உறிஞ்சினாலும் கூடாது. விநாடிக்குச் சுமார் 70 கிராம், அவ்வளவுதான்.

"அப்புறம் என்னடா, எல்லாருக்கும் ஒரே அளவு காத்து. வித்தியாசம் எங்கே வரும்?" என்று கேட்டேன்.

"அங்கதான் பாட்டி டிசைனே இருக்கு" என்றான்.

பல அணிகள் கேடிஎம் 390 பைக்கின் இன்ஜினை வைக்கின்றன. 373 சிசி, ஒற்றைச் சிலிண்டர். ஒற்றைச் சிலிண்டர் தொடர்ந்து மூச்சு இழுப்பதில்லை. இரண்டு சுற்றுக்கு ஒருமுறை 'சர்'ரென்று இழுத்துவிட்டு மற்ற நேரம் சும்மா இருக்கும். சராசரியாகப் பார்த்தால் அதன் தேவை 70 கிராமில் பாதிதான். ஆனால் இழுக்கிற அந்தக் கணத்தில் பல மடங்கு கேட்கும், துளை திணறும். அதனால் துளைக்கும் குழாய்க்கும் நடுவே ஒரு காற்றுப் பெட்டி. இன்ஜின் இழுக்காத நேரத்தில் பெட்டி நிரம்பும், இழுக்கும்போது கொடுக்கும். மோட்டார் விட்டுவிட்டு ஓடினாலும் மாடித் தொட்டியால் குழாயில் தண்ணீர் நிற்காமல் வருகிறதே, அது போல. பெட்டி சின்னதாக இருந்தால் பயனில்லை. ரொம்பப் பெரிதாக இருந்தால், ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் முதலில் பெட்டிக்குள் அழுத்தம் ஏற வேண்டும், கார் ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் கிளம்பும்.

பெட்டிக்குப் பிறகு குழாய். பைக்கில் அந்த இன்ஜினுக்கு உச்சத் திறன் 9000 ஆர்பிஎம் பக்கம். இவர்கள் ஓடும் தடமோ கூம்பு வைத்த குறுகல் சந்து. அங்கே 9000-க்கு ஏது வேலை? 6000, 7000-இல் இழுவிசை வேண்டும். ஆகவே குழாயை நீட்ட வேண்டும். எவ்வளவு என்று கம்ப்யூட்டரில் ஜிடி பவர், ரிக்கார்டோ வேவ் என்ற மென்பொருள்களில் நூறு நீளம் ஓட்டிப் பார்க்கிறார்கள். பிறகு 3டி பிரிண்டரில் பிளாஸ்டிக்கில் அச்சடிக்கிறார்கள். நான் தாளில் போட்ட கணக்கு 6500-க்கு 40 சென்டிமீட்டர் சொன்னது. அவன் பார்த்துவிட்டு, "ஸ்டார்டிங் பாயின்ட்டுக்கு ஓகே பாட்டி" என்றான். அந்த 'ஓகே'வுக்கு நான் ரொம்பவே பெருமைப்பட்டேன் என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

ஒரே குழாயை ஓடும்போதே நீட்டவும் குறைக்கவும் முடிந்தால்? அதையும் செய்துவிட்டார்கள். 1991-இல் லே மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் வென்ற மாஸ்டா 787பி-யில் குழாய் வாய் முன்னும் பின்னும் நகரும் (அது பிஸ்டன் இன்ஜின் அல்ல, சுழல் இன்ஜின், தத்துவம் ஒன்று). ஃபார்முலா ஒன்னிலும் இருந்தது, 2006-இல் தடை செய்தார்கள். 18000 சுற்று ஓடிய அந்த இன்ஜின்களுக்குக் குழாய் ஒரு சாண்கூட வராது. 2007-இல் யமஹா ஆர்1 பைக்கில் இரண்டு துண்டுக் குழாய் வந்தது. கீழ்ச் சுற்றில் இரண்டும் ஒட்டி நீளமாக நிற்கும், மேல் சுற்றில் மேல் துண்டு விலகிக்கொள்ளும். சில கார்களின் நைலான் மேனிஃபோல்டுக்குள்ளேயே ஒரு மடல் இருக்கும். அது மூடினால் காற்று சுற்றி வரும், திறந்தால் குறுக்கு வழி. லைனில் இருப்பவர்கள் அடுத்த முறை கையில் எடுக்கும்போது ஓரத்தில் சின்ன மோட்டாரோ வேக்கம் டப்பாவோ ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

இந்த இடத்தில் பைக் வைத்திருக்கும் பிள்ளைகளிடம் ஒன்று சொல்ல வேண்டும். ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டுக் கூம்பு ஃபில்டர் மாட்டினால் வண்டி பறக்கும் என்று ஒரு நம்பிக்கை சுற்றுகிறது. அந்தப் பெட்டி வெறும் தூசு தடுப்பான் அல்ல. ஃபார்முலா பாரத் பிள்ளைகள் ராத்திரி முழுக்கக் கணக்குப் போடுகிற அதே பெட்டிதான். அதன் கொள்ளளவு, மூக்கின் நீளம் எல்லாம் அளந்து வைத்தவை. கழற்றினால் உறிஞ்சும் சத்தம் நேராகக் காதுக்கு வரும். சத்தம் கூடியதை வேகம் கூடியதாக மனசு எடுத்துக்கொள்ளும். மேல் சுற்றில் ஏதாவது கிடைத்தாலும், ராஜவீதியில் நீங்கள் ஓட்டுகிற கீழ்ச் சுற்றில் இழுவிசை போகும். பெட்ரோல், காற்று விகிதம் கலையும். போதாததற்கு நம்ம ஊர்ப் புழுதி. சோழவரத்தில் குழாயை அறுத்தவர்களுக்கு எதைக் கொடுத்து எதை வாங்குகிறோம் என்று தெரிந்திருந்தது.

அவர்களைப் பற்றித்தான் கடைசியாக ஒரு வேண்டுகோள். சோழவரத்தில் ஓட்டியவர்கள் பெயர் பழைய பத்திரிகைகளில் இருக்கிறது. வண்டியைத் தயார் செய்த மெக்கானிக்குகள், லேத் போட்டவர்கள், வெல்டிங் செய்தவர்கள் பெயரைத் தேடினால் எளிதில் கிடைப்பதில்லை. நம் மாணவர்களின் அப்பா, மாமா, பெரியப்பா யாராவது அன்று மவுண்ட் ரோடு ஒர்க்ஷாப்பிலோ அம்பத்தூரிலோ இந்த வேலை பார்த்திருந்தால், அவர்களிடம் கேட்டு இங்கே கீழே எழுதுங்கள். எந்த வண்டி, எந்த வருடம், கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் என்ன வைத்தார்கள், எவ்வளவு நீளம் என்று. விரலால் காட்டினாலும் சரி, அதை ஸ்கேலில் அளந்து போடுங்கள். கணக்கை நான் போட்டுப் பார்க்கிறேன்.